கனகம்மாவின் புலம்பல்

நானாட்டான் பக்கத்தில் ஒருவர் செத்துப்போனால், அவர் பொல்லாத மனிதராக இருப்பதற்கு முப்பத்தோராம் நாள் வரைதான் அவகாசம். அன்றைக்குக் கல்வெட்டு வந்துவிடும். பிறகு அவர் பண்பின் சிகரம், பாசத்தின் இருப்பிடம், ஊருக்கு ஒளிவிளக்கு. வேலிச் சண்டையிலேயே வாழ்நாளைக் கழித்தவரும் அன்று முதல் அயலவரை அணைத்து வாழ்ந்தவராகிவிடுவார்.

கல்வெட்டு என்றதும் கல்லையும் உளியையும் நினைக்க வேண்டாம். வழவழப்பான தாளில் அச்சடித்த சின்னப் புத்தகம்தான் அது. முகப்பில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, அதற்குப் பிறகு வீட்டுக்காரர் ஒவ்வொருவர் பெயரிலும் ஓர் அழுகைப் பாட்டு. மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று தலைப்புப் போட்டு வரிசையாக வரும். புலம்புகிறவர் எவரும் அதை எழுதுவதில்லை. எழுதத் தெரிந்த யாராவது ஒருவர் உட்கார்ந்து எல்லோருக்குமாகப் புலம்பிவிடுவார். 'இது உங்கள் புலம்பல்தானா' என்று விதவையிடம் போய்க் கேட்கும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. முப்பத்தோராம் நாள் சபையில் யாராவது வாசிக்கும்போதுதான் அவளே, தான் எப்படி அழுதாள் என்பதை முதன்முதலாகக் கேட்டறிவாள்.

இந்த ஊரில் அப்படி எல்லோருக்குமாக அழுகிறவள் சுபத்திரா. கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கெழுதும் வேலை. கலியாண வாழ்த்துமடல், விளையாட்டுப் போட்டிக்கு வரவேற்புரை, தாமாக ஆசி கூறத் தெரியாத பெரிய மனிதர்களுக்கு ஆசியுரை, எல்லாம் அவள் கைதான். கூலி வாங்கமாட்டாள். பாராட்டு வாங்குவாள். அதில் கொஞ்சம் குறைந்தாலும் இரண்டு நாளைக்கு முகம் தொங்கிப்போகும்.

மன்னார் ரவுணில் மாதர் சங்கமொன்று நடத்திய பயிற்சிக்குப் போய்வந்த நாளிலிருந்து அவளுடைய போனில் ஏஐ குடியேறிவிட்டது. அங்கே படிப்பித்த றஞ்சிதா என்ற பிள்ளை வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லியிருந்தாள். "'நல்லாத் திருத்தித் தா' எண்டு மட்டும் கேக்காதேங்கோ. நீங்கள் நல்லது எண்டு எதை நினைக்கிறியள் எண்டு அதுக்குத் தெரியாது. எல்லாருக்கும் பிடிச்சதைத்தான் தூக்கித் தரும். ஆர் வாசிக்கப்போகினம், எதைத் தொடக்கூடாது, எந்த இடத்தில உங்களுக்கே சந்தேகம் எண்டு சொல்லுங்கோ. முக்கியமா, உங்களைக் கேள்வி கேக்கச் சொல்லுங்கோ." மற்றவர்கள் தேத்தண்ணிக்கு எழும்பிவிட்டார்கள். சுபத்திரா மட்டும் அதை மந்திரம்போலப் பிடித்துக்கொண்டாள்.

செல்வநாயகம் போனது சிறுபோக நெல் வெட்டு முடிந்த கையோடு. சுபத்திராவுக்கு அடுத்த வளவுக்காரர். பாரிசவாதம் வந்து மூன்று வருடமாகக் கட்டிலோடு கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணிப் பேச்சுக் குழறிப்போயிருந்தது. அவர் சொல்வது மனைவி கனகம்மாவுக்கு மட்டும்தான் விளங்கும். டொக்டர் வந்தாலும், சுவிசிலிருந்து மகன் லக்சன் வீடியோவில் வந்தாலும் கனகம்மாதான் பக்கத்தில் நின்று எடுத்துச் சொல்ல வேண்டும். துடைப்பதும் புரட்டுவதும் ஊட்டுவதும் அவளே. ஆள் வைக்கலாம் என்று லக்சன் சொன்னதற்கு, "உன்ர கொப்பற்ற கதை என்னை விட்டா ஆருக்கு விளங்கும்?" என்று மறுத்துவிட்டாள்.

இவ்வளவு செய்தும் அவளுக்கு நல்ல பெயர் கிடைத்ததா என்றால், அதுதான் இல்லை. செல்வநாயகத்தின் தங்கை யசோதா முருங்கனிலிருந்து மாதம் ஒரு தரம் பிஸ்கற் பெட்டியோடு வருவாள். வந்ததும் படுக்கை விரிப்பை முகர்ந்து பார்ப்பாள். "அண்ணை நல்லா மெலிஞ்சுபோனார். நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்குதோ என்னவோ" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவாள். கனகம்மா பஸ் போன சத்தம் கேட்ட பிறகு வேலியிலிருந்த இடைவெளியால் சுபத்திராவிடம் வருவாள். இரண்டு பேரும் யசோதாவின் நடையையும் மூக்கையும் பற்றிக் கதைத்துச் சிரித்து, அந்த நாளைக் கழுவி விடுவார்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் பின்னேரமும் கனகம்மா அந்த இடைவெளியால்தான் வந்தாள். கிணற்றடியில் துணி அலம்பிக்கொண்டிருந்த சுபத்திராவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளை, உனக்கொண்டு சொல்லோணும். சொல்லாட்டி எனக்கு நெஞ்சு வெடிச்சிடும்."

"சொல்லுங்கோ அக்கா."

"அண்டைக்கு விடிய, துணி மாத்தி முடிக்க முதல் திரும்பவும் நனைச்சுப்போட்டார். எனக்கு முதுகு நிமித்தேலாமல் கிடந்தது. துணியை இழுத்துக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போட்டன். 'இனிப் போய்ச் சேருங்கோவனப்பா, எனக்கும் ஒரு விடிவு வரட்டும்' எண்டு." கனகம்மா பிடியை இறுக்கினாள். "பொழுதுபட முதல் போயிட்டார். என்ர சொல்லை ஒரு நாளும் தட்டாத மனிசன், பிள்ளை."

சுபத்திராவும் அழுதாள். "உங்களைப்போல ஆர் பாத்தவை அக்கா? அந்த மனிசனுக்குத் தெரியாதே" என்று முதுகைத் தடவிவிட்டாள். அது உண்மையான அழுகை. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. யாரிடமும் சொல்லாதே என்று கனகம்மா கேட்கவில்லை. கிணற்றடியில் சொன்னது கிணற்றடியோடு நிற்கும் என்பது கேட்டு வாங்கவேண்டிய சத்தியமா என்ன?

லக்சன் அதற்குள் வந்து சேர்ந்திருந்தான். கல்வெட்டுப் பொறுப்பைச் சுபத்திராவிடம் கொடுக்கும்போது, "அன்ரி, எல்லாருக்கும் எழுதுற மாதிரிச் சும்மா எழுதாமல், அப்பாவுக்கெண்டு எழுதித் தாங்கோ" என்றான். 'சும்மா' என்ற அந்தச் சொல் சுபத்திராவுக்கு முள்ளாகத் தைத்தது. இத்தனை வருடமாக இந்த ஊர்ப் பிணங்களுக்கெல்லாம் தான் சும்மாவா அழுதோம் என்று நினைத்து உள்ளுக்குள் கொதித்தாள்.

மறுநாள் சங்கக்கடை மத்தியானம் மூடியதும் மா மூட்டைகளுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினாள். வரலாறு சுலபமாக வந்தது. மக்கள் புலம்பலும் வந்தது. மனைவி புலம்பலுக்குக் கை பழக்கதோஷத்தில் தானாக ஓடியது.

ஆலமரம் சாய்ந்ததையா, அகல்விளக்கு அணைந்ததையா,
கோலமெல்லாம் அழிந்ததையா, கோபுரமும் சரிந்ததையா.

எழுதியதை ஏஐயிடம் கொடுத்து, அவசரத்தில் 'நல்லாத் திருத்தித் தா' என்று அடித்துவிட்டாள். அது ஆலமரத்தோடு நிற்கவில்லை. இமயமலையையும் சாய்த்து, ஏழு கடலையும் வற்றவைத்து, 'இன்னும் உருக்கமாக்கட்டுமா?' என்று வேறு கேட்டது. சுபத்திராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செல்வநாயகம் இமயமலை என்றால் யசோதாவே நம்பமாட்டாள்.

அப்போதுதான் றஞ்சிதா சொன்னது நினைவுக்கு வந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டு ஆறுதலாக அடித்தாள். 'இது முப்பத்தோராம் நாள் சபையில், மனைவியின் குரலில் வாசிக்கப்போகும் பாட்டு. கேட்கப்போகிறவர்கள் இவரைத் தெரிந்த ஊராட்கள். புகழ வேண்டாம். என் அடிகளை நீயாக மாற்ற வேண்டாம். எந்த அடி யாருக்கும் பொருந்துமோ அதைக் காட்டு. தெரியாததை என்னிடம் கேள், ஒவ்வொன்றாக.'

பதில் வந்தது. 'ஆலமரம், விளக்கு, கோபுரம் மூன்றும் எந்த வீட்டுத் தலைவருக்கும் பொருந்தும். பெயரை மாற்றினால் பாட்டில் வேறொன்றும் மாற்ற வேண்டியிராது. இவரைப் பற்றி மனைவிக்கு மட்டும் தெரிந்தது என்ன?'

"வாயைப் பார்" என்று சுபத்திரா போனைத் திட்டினாள். ஆனால் கேள்வி நியாயமானது. யோசித்தாள். கனகம்மா வேலியோரத்தில் எத்தனையோ வருடமாகச் சொன்னவை ஒவ்வொன்றாக மேலே வந்தன. இடம்பெயர்ந்து தமிழ்நாட்டில் மண்டபம் முகாமில் இருந்த காலத்தில், பெண்கள் குளிக்கும் இடத்துக்கு ஒழுங்கான மறைப்பு இல்லாததால், கனகம்மா குளித்து முடியும்வரை செல்வநாயகம் முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நிற்பாராம். மற்ற ஆண்கள் கேலி செய்தாலும் அசையமாட்டாராம். சுபத்திரா எழுதினாள்.

வேற்றூரு முகாமினிலே வேலியில்லாக் குளிப்பிடத்தில்
காற்றுக்கும் மறைப்பாகக் காவலுக்கு நின்றவரே.

எழுதிவிட்டுத் தானே மலைத்துப்போனாள். இத்தனை வருடத்தில் இப்படி ஓரடி அவளுக்கு வந்ததில்லை. ஏஐ அதைத் தொடவில்லை. 'இது இவருக்கு மட்டும் உரியது' என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போனது. அவருடைய வயல் வேலையைப் பற்றிக் கேட்டது, கட்டிலில் கிடந்த மூன்று வருடத்தைப் பற்றிக் கேட்டது. அவள் சொல்லச் சொல்ல ஆலமரம் போனது, கோபுரம் போனது, செல்வநாயகம் மெல்ல மெல்ல எழும்பி வந்து நின்றார். பசியும் தெரியவில்லை.

கடைசியில் அது சொன்னது: 'முடிவடிகள் இன்னும் யாருக்கும் பொருந்துகின்றன. கடைசி நாளைப் பற்றி ஏதாவது தெரியுமா?'

தெரியும். சுபத்திராவுக்கு மட்டும்தான் தெரியும். விரல் கொஞ்சம் தயங்கியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பிறகு, அது தயங்கியதும் மறந்துபோகும்படி அடிகள் வந்து விழுந்தன.

துணிமாற்றிக் கைசலித்துச் சொன்னேனே ஒருசொல்லு,
'இனிப்போய்ச் சேருங்கோ' என்றேனே விடியலிலே.
ஒருநாளும் என்சொல்லைத் தட்டாத உத்தமரே,
பொருமலிலே சொன்னதையும் பொழுதுக்குள் கேட்டீரே.

உடம்பு புல்லரித்தது அவளுக்கு. வாய்விட்டுப் படித்தாள், இன்னொரு தரம் படித்தாள். ஏஐக்குக் கொடுத்தாள்.

'இந்த நான்கு அடியும் வேறு யாருக்கும் பொருந்தாது. நான் எதையும் மாற்றவில்லை. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். இது அந்த மனைவியின் குரலில், அவர் முன்னிலையில், எல்லோருக்கும் வாசிக்கப்படப் போகிறது. அவரிடம் காட்டினீர்களா? இதை வெளியில் சொல்ல அவருக்குச் சம்மதமா?'

சுபத்திரா அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வேலி இடைவெளியால் நுழைந்தால் கனகம்மா. ஆனால் கேட்டால் வேண்டாம் என்பாள். அது சுபத்திராவுக்குத் தெளிவாகத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்க விருப்பமில்லை. புலம்பலை எந்த விதவையிடம் காட்டியிருக்கிறார்கள், இப்போது காட்டுவதற்கு என்று மனம் வழக்கத்தைத் துணைக்கு இழுத்தது.

'ஓம்' என்று அடித்தாள்.

வாசலில் வந்து நிற்கிறவரிடம் 'அவர் வீட்டில் இல்லை' என்று சொல்வதுபோல, அவ்வளவு இலேசாக.

பிறகு பஸ்ஸேறி, பாலம் தாண்டி மன்னார்த் தீவுக்குப் போய், பைறூஸின் அச்சகத்தில் கொடுத்தாள். எழுத்துப்பிழை பார்க்க எடுத்த பைறூஸ் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தனையோ கல்வெட்டு அடிச்சிட்டன் தங்கச்சி. வாசிச்சு அழுதது இதுக்குத்தான்" என்றார். திரும்பி வரும்போது பாலத்தில் காற்று பஸ்ஸை உலுக்கியது. சுபத்திராவுக்கு அது தன்னைத் தாலாட்டுவதாகப்பட்டது. ஆள் அவ்வளவு உயரத்தில் இருந்தாள்.

முப்பத்தோராம் நாள் விடியப் பாலாவித் தீர்த்தக்கரையில் கிரியை முடித்து, மத்தியானத்துக்குள் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பந்தலில் நெருக்கமாகக் கதிரை போட்டிருந்தது. வீட்டு விறாந்தையில் படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு, அதற்குப் பக்கத்தில் வெள்ளைச் சேலையில் கனகம்மா. முன்வரிசையில் யசோதா. சாப்பாட்டுக்கு முன் கல்வெட்டு வாசிக்க வேண்டும். எழுதியவளே வாசிக்கட்டும் என்றார்கள். சுபத்திரா மைக்கைப் பிடித்தாள்.

தேவாரம் பாடினாள். வரலாறு வாசித்தாள். மனைவி புலம்பலில் குளிப்பிடத்து அடிகள் வந்தபோது பந்தலில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. முகாமில் கூட இருந்த பெண்கள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டார்கள். கனகம்மாவின் முகம்கூட மலர்ந்து, கண்ணீர் வழிய, ஓம் ஓம் என்பதுபோலத் தலை அசைந்தது. அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் சுபத்திரா இந்த ஊரில் இன்றைக்கும் ராணிதான்.

நிறுத்தவில்லை. குரலை இறக்கி, இடைவெளி விட்டு, 'துணிமாற்றிக் கைசலித்து' என்று தொடங்கினாள். 'இனிப்போய்ச் சேருங்கோ' என்ற இடத்தில் குரலை வேண்டுமென்றே உடைத்தாள். கடைசி அடி முடிந்தபோது பந்தலே விம்மியது. கிழவர்கள் அழுதார்கள், சமையலுக்கு வந்தவர்கள் அழுதார்கள். சுபத்திரா நிமிர்ந்து, கனகம்மாவும் அழுகிறாளா என்று பார்த்தாள். பாராட்டைத் தேடித்தான் பார்த்தாள். அதை மறைக்க என்ன இருக்கிறது?

கனகம்மா அழவில்லை. தலை அசைவது நின்றிருந்தது. சபைக்கு நடுவில் சேலை நழுவிவிட்டவளைப்போலக் கையை நெஞ்சுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு, சுபத்திராவையே பார்த்தாள்.

"கேட்டியளே?" முன்வரிசையிலிருந்து யசோதாவின் குரல் மைக் இல்லாமலே பந்தல் முழுக்கக் கேட்டது. "என்ர அண்ணையைப் போய்ச் சேரச் சொன்னவவாம். நான் சொல்லேக்க ஒருத்தரும் நம்பேல்லை. இப்ப தானே அச்சடிச்சுத் தாறா."

விம்மல் அடங்கிவிட்டது. சற்று முன் அழுதவர்களே இப்போது கனகம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். கையிலிருந்த கல்வெட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தைத் தேடினார்கள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ளலாமா? இங்கே சொல்லைக் கொட்டியதோடு நிற்காமல் தைத்து அட்டை போட்டு ஆளுக்கொன்று கொடுத்தாயிற்று.

கனகம்மா எழும்பினாள். "சோறு ஆறுது. இலையைப் போடுங்கோ" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. நேரே குசினிக்குள் போனாள்.

லக்சன் சுபத்திராவைப் பந்தல் மூலைக்குக் கூட்டிப்போனான். முகம் வெளிறியிருந்தது. "அன்ரி, அம்மா உண்மையாவே அப்பிடிச் சொன்னவவோ?"

"சீச்சீ." வாய் முந்திக்கொண்டது. "அது ஏஐ போட்டது தம்பி. உருக்கமா வரட்டுமெண்டு தானாப் போட்டிட்டுது. நான் கவனிக்கேல்லை."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்த அடிகளில் அது ஓர் எழுத்தைக்கூடத் தொட்டிருக்கவில்லை. கேட்கவேண்டிய ஒரே கேள்வியையும் அது கேட்டிருந்தது. அந்த ஏழைப் பிராணியின் தலையில் கட்டிவிட்டுச் சுபத்திரா மூச்சு விட்டாள். லக்சனின் முகத்தில் நிறம் திரும்பியது. ஓடிப்போய் மாமியிடம் சொன்னான். யசோதா பப்படத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அப்பிடியோ தம்பி? அண்ணைக்கு விடியத் துணி மாத்தினது மெசினுக்கு எப்பிடித் தெரியும்?"

வேறு யாருக்கும் பொருந்தாத அடி என்று சுபத்திரா பெருமைப்பட்டாள் அல்லவா, அந்தப் பொருத்தமே அவளைக் காட்டிக்கொடுத்தது. லக்சன் திரும்பிச் சுபத்திராவைப் பார்த்தான். அவள் சாப்பிடாமலே வீட்டுக்கு வந்தாள். பந்தலில் யாரும் மறிக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் கொடியவை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். வந்தவை பாராட்டுகள். யாரோ அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். ரொறன்ரோவிலிருந்து முன்பின் தெரியாத பெண்ணொருத்தி குரல்பதிவு அனுப்பினாள். வாசித்து அழுதாளாம், தன்னுடைய அம்மாவுக்கும் இப்படி ஒன்று வேண்டுமாம், அம்மா இன்னும் உயிரோடுதானாம். சங்கக்கடைக்கு வந்தவர்கள் சீனி நிறுத்து முடியும்வரை அவளுடைய கவித்திறனைப் புகழ்ந்தார்கள். புகழ்ந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "கனகம்மா உண்மையாவே அப்பிடிச் சொன்னவவோ?" என்று கேட்டார்கள். இல்லை என்றால் பொய், ஓம் என்றால் இன்னொரு துரோகம். சீனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாராட்டு இப்படிச் சுடும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

வேலி இடைவெளியால் யாரும் வரவில்லை. லக்சன் சுவிசுக்குத் திரும்பியபோது சொல்லிக்கொண்டும் போகவில்லை. அந்த வீட்டில் இப்போது கனகம்மா தனியே. கிணற்றடிக்குப் போகவே சுபத்திராவுக்குக் கூச்சமாக இருந்தது. வாளியைக் கிணற்றுக்கட்டில் இடிக்காமல் மெல்ல இறக்கினாள், திருட்டுத் தண்ணீர் அள்ளுகிறவளைப்போல.

ஒருநாள் மன்னிப்புக் கேட்டு எழுதிப் பார்த்தாள். எழுதத்தானே அவளுக்குத் தெரியும். 'என் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய அக்கா' என்று தொடங்கி, சூழ்நிலையை விளக்கி, தன் நல்ல நோக்கத்தை எடுத்துச்சொல்லி நீண்டது. பழக்கத்தில் அதையும் ஏஐக்குக் கொடுத்தாள். அதே கட்டளைகள்தான்: புகழாதே, மாற்றாதே, கேள். அது கேட்டது: 'இதில் உங்களைப் பற்றி நிறைய இருக்கிறது. அவருக்கு நடந்தது என்ன என்பது எங்கே?' சுபத்திரா போனைக் குப்புற வைத்துவிட்டு எழும்பினாள். சேலையைச் சரிசெய்துகொண்டு புறப்பட்டாள். இடைவெளி திறந்துதான் கிடந்தது. ஆனால் அதற்குள் நுழையக் கால் வரவில்லை. றோட்டால் சுற்றிப் படலையைத் திறந்துகொண்டு போனாள்.

கனகம்மா விறாந்தையில் சுளகோடு இருந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முற்றத்து வெயிலில் செல்வநாயகத்தின் மெத்தை காய்ந்தது.

"படலையால வாறாய்" என்றாள் நிமிராமல். "விருந்தாளியோ?"

சுபத்திரா படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

"லக்சன் சொன்னவன், மெசின் எழுதினதாமெண்டு."

"இல்லையக்கா. நான்தான் எழுதினனான்."

"தெரியும். வடிவாத்தான் எழுதியிருந்தாய்." கனகம்மா ஒரு கல்லை எடுத்து முற்றத்தில் எறிந்தாள். "எல்லாரும் சொல்லுகினம்."

இதைவிடச் செவிட்டில் அறைந்திருக்கலாம். சுபத்திரா சேலைத் தலைப்பைச் சுருட்டினாள், விரித்தாள். பிறகு, இதையும் சொல்லாமல் போனால் மனிதப் பிறவியே இல்லை என்று தோன்றியதால் சொன்னாள். "அது என்னட்டைக் கேட்டதக்கா. அவவுக்குக் காட்டினீங்களோ, வெளியில சொல்ல அவவுக்குச் சம்மதமோ எண்டு. நான் ஓம் எண்டு அடிச்சுப்போட்டன்."

அரிசியில் ஓடிய விரல்கள் நின்றன.

"மெசின் கேட்டதோ?"

"ஓம்."

"மெசினுக்கு வந்த யோசனை." கனகம்மா சிரித்தாள். யசோதாவை நினைத்துச் சிரிக்கும் அதே சிரிப்பு. சுபத்திராவுக்கு அது நன்றாகத் தெரிந்த சிரிப்பு, ஆனால் இதுவரை அது அவளை நோக்கி வந்ததில்லை. "வேறையும் கேள்வி கேட்டதோ?"

"கனக்கக் கேட்டது அக்கா. அவர் எப்பிடிப்பட்டவர், என்ன செய்வார், கடைசி நாள் என்ன நடந்தது எண்டெல்லாம்."

"எல்லாத்துக்கும் நீயே மறுமொழி சொன்னனி."

"ஓம்."

"நீ என்னட்டை என்ன கேட்டனி, பிள்ளை?"

சுபத்திரா கிணற்றடியை நினைத்துப் பார்த்தாள். முதுகைத் தடவியது நினைவு வந்தது, அழுதது நினைவு வந்தது, 'சொல்லுங்கோ அக்கா' என்றது நினைவு வந்தது. கேட்டதாக ஒன்றும் நினைவில்லை.

"நான் சொன்னதோட கதை முடிஞ்சுதெண்டு நினைச்சிட்டாய்" என்றாள் கனகம்மா. "நான் 'போய்ச் சேருங்கோ' எண்டு சொன்னனான்தான். ஓம், என்ர வாயாலதான் சொன்னனான். அவர் என்ன கல்லே, கேட்டுக்கொண்டு சும்மா கிடக்க? அதுக்கு அவர் ஒரு மறுமொழி சொன்னவர். அவற்ற கதை எனக்கு மட்டும்தான் விளங்கும். அந்த மறுமொழியிலதான் நான் இப்பவும் உயிரோட இருக்கிறன். அதை உனக்குச் சொல்லத்தான் அண்டைக்கு வந்தனான். நீ கேக்கேல்லை. அழத் தொடங்கியிட்டாய், பிறகு உன்னைத் தேற்ற வேண்டியதாப் போச்சு."

முற்றத்தில் காகமொன்று மெத்தையில் வந்து இருந்தது. கனகம்மா கையை வீசிக் கலைத்தாள். சுபத்திராவுக்கு முகம், காது, கழுத்து எல்லாம் எரிந்தது. அந்தப் பந்தலிலிருந்தவர்கள் எல்லோரும் இப்போது திரும்பிவந்து, பாதிக் கதையைத் தைத்து அட்டை போட்டவளைப் பார்ப்பதுபோல இருந்தது. நிலத்தைப் பார்த்தபடி, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கனகம்மாவிடம் ஒன்றைக் கேட்டாள்.

"என்ன சொன்னவர் அக்கா?"

உண்மையாகத்தான் கேட்டாள். ஆனால் கேட்ட அதே மூச்சில், மனதின் ஒரு மூலை, அந்த மறுமொழி ஐந்தாம் அடியில் எப்படி வந்து உட்காரும் என்று எதுகை தேடிப் பார்த்துவிட்டது. எல்லாவற்றிலும் பெரிய வெட்கம் அதுதான். அதைக் கனகம்மா கண்டிருப்பாளோ என்று நிமிர்ந்தாள். கண்டவளைப்போலத்தான் இருந்தது.

கனகம்மா சுளகைத் திரும்ப மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அது எனக்குச் சொன்னது" என்றாள்.